ராயபுரம் ஸ்டேஷனை பேப்பர்ல கட்டுறேன்: கட்டிங் மெஷின் வாங்கலாமா?

தண்டையார்பேட்டை_கத்தரி:

எல்லாருக்கும் வணக்கம். பேப்பர் மாடல் பண்றது எனக்கு காலேஜ் நாள் பழக்கம். கப்பல், லைட்ஹவுஸ், எலெக்ட்ரிக் டிரெயின்னு வீட்டு ஷோகேஸ் ரொம்பி வழியுது. எல்லாமே கையால வெட்டினது. ஒரு ஸ்னாப் கட்டர், ஸ்டீல் ஸ்கேல், பச்சை கலர் மேட், ஃபெவிகால், இவ்ளோதான் நம்ம பட்டறை.

இப்போ கையில எடுத்திருக்கிறது ராயபுரம் ரயில் நிலையம். தென்னிந்தியாவோட முதல் ஸ்டேஷன். 1856 ஜூன் 28 திறப்பு விழா, ஜூலை 1-ல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் ஜனங்களுக்கு வண்டி. நம்ம சென்ட்ரலே 1873-லதான் வந்துச்சு. இந்தக் கட்டடத்துக்கு இதுவரைக்கும் யாரும் பேப்பர் மாடல் போட்ட மாதிரி தெரியல, நானும் நல்லா தேடிட்டேன். அதனால நானே வரையறேன். மச்சானை தூண் பக்கத்துல நிக்க வெச்சு போட்டோ எடுத்து, அவன் உயரத்தை வெச்சு மத்த அளவெல்லாம் கணக்கு போட்டாச்சு. 1:100 அளவு.

பிரச்சினை என்னன்னா, முன்பக்கம் வரிசையா நிக்கிற தூணுங்கதான் அந்தக் கட்டடத்துக்கே மூஞ்சி. ஒவ்வொரு தூணுக்கும் அடியில வட்டம், தலையில வட்டம், எல்லாம் ஒரே அளவுல வரணும். அப்புறம் ஜன்னல் சட்டம். கையால வெட்டினா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. மணிக்கட்டு வேற ரொம்ப நாளா வலி. டாக்டர் கட்டர் பிடிக்கிறதைக் குறைச்சுக்கச் சொல்லிட்டார்.

வீட்ல வெச்சுக்கிற கட்டிங் மெஷின், அதான் சில்ஹவுட், கிரிக்கட்னு விக்கிறாங்களே, அது இந்த வேலைக்கு ஆகுமா? வீடியோவுல எல்லாம் ஸ்டிக்கரும் பர்த்டே கார்டும்தான் வெட்டிக் காட்டுறாங்க, மாடல் பண்றவங்க யாரும் பேசக் காணோம். பிடிஎஃப் டவுன்லோட் பண்ணி போட்டா அதுவே வெட்டிடுமா? என்கிட்ட பிரின்டர் கிடையாது, தெருமுனை ஜெராக்ஸ் கடைதான். முப்பதாயிரம் வரைக்கும் ஒதுக்கி வெச்சிருக்கேன், வீட்ல இன்னும் சொல்லல. வாங்கி யூஸ் பண்றவங்க யாராச்சும் சொல்லுங்க.

கைவேலை_மட்டும்:

வேணாம் நண்பா. முப்பதாயிரத்துக்கு ஆயுசுக்கும் பிளேடு வாங்கலாம். மெஷின் வெட்டிக் கொடுத்தா அதுல உங்க வேலை என்ன இருக்கு? மணிக்கட்டு வலின்னா ஸ்னாப் கட்டரை விட்டுட்டு உருண்டைப் பிடி வெச்ச கிராஃப்ட் கத்தி வாங்குங்க, பிளேடை அடிக்கடி மாத்துங்க. மழுங்கின பிளேடை அழுத்தி வெட்டுறதாலதான் கை போகுது. வட்டத்துக்கு லெதர் பஞ்ச். பாரிமுனைல எல்லா சைஸும் கிடைக்கும்.

பேப்பர்_அக்கா:

மேல சொன்னவர் பிளேடு பத்தி சொன்னது சரி, பஞ்ச் ஐடியாவும் சரி. "அதுல உங்க வேலை என்ன இருக்கு"ன்னு கேட்டதுதான் சரியில்ல. மெஷின் வந்தா வேலை குறையும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க தம்பி, கத்தி பிடிச்ச கை மவுஸ் பிடிக்கும், அவ்ளோதான்.

நான் பெரம்பூர். ரிட்டர்ன் கிஃப்ட் டப்பா, கேக் மேல குத்துற பேரு, இதெல்லாம் ஆர்டர் எடுத்துப் பண்றேன், அதனால மெஷின் என் வீட்ல தினமும் ஓடுது. ராத்திரி ஆர்டர் முடிஞ்சா அதே மெஷின்ல என் சொந்த ஆசைக்கு ரயில் பெட்டி. அப்பா ஐசிஎஃப் ரயில் பெட்டி ஃபேக்டரில இருந்தவர், எங்க வீட்ல பெட்டி ஜன்னலுக்கு எத்தனை கம்பின்னு தப்பா வெட்டினா சோறு கிடையாது.

முதல்ல பிடிஎஃப் கதைய முடிச்சிடறேன். போட்டா வெட்டாது. மெஷினுக்குப் புரியறது கோடு மட்டும்தான், படம் இல்ல. டவுன்லோட் பண்ற மாடல்ல எங்க வெட்டணும் எங்க மடிக்கணும்ங்கிறது நம்ம கண்ணுக்குத்தான் தெரியும். தானா ஓரம் கண்டுபிடிக்கிற வசதி இருக்கு, ஆனா அது செங்கல் கோடு, நிழல், எழுத்து எல்லாத்தையும் சேத்து வெட்டக் கிளம்பிடும். அதனால இங்க்ஸ்கேப்ல படத்தைக் கீழ போட்டு, மேல நீங்களே கோடு வரையணும். வெட்டுறது சிவப்பு, மடிக்கிறது நீலம்னு தனித்தனி லேயர்ல வெச்சுக்குங்க. இங்க்ஸ்கேப் காசில்லாத சாஃப்ட்வேர், பழைய கம்ப்யூட்டர்லயும் ஓடும். உங்க விஷயத்துல நீங்களே வரையறதால பாதி வேலை ஏற்கெனவே முடிஞ்ச மாதிரி. ப்ளெண்டர்னு 3டி சாஃப்ட்வேர் தெரிஞ்சா அதுல கட்டடத்தைக் கட்டி, பேப்பர் மாடல் ஆட்‑ஆன் வழியா விரிச்சு எடுத்தா ஒட்டுற காதோட எஸ்விஜியா, அதாவது கோடாவே சேமிச்ச ஃபைலா வந்துடும். பெபகுரான்னு ஜப்பான் சாஃப்ட்வேரும் இதே வேலைதான் செய்யும், ஆனா அதோட டிசைனர் பதிப்பு காசு கொடுத்து வாங்கறது.

இங்கதான் கடைக்காரங்க சொல்லாத ஒரு விஷயம். சில்ஹவுட் மெஷினை ஓட்டற சாஃப்ட்வேர் சில்ஹவுட் ஸ்டூடியோ. அதோட இலவசப் பதிப்பு எஸ்விஜி ஃபைலைத் திறக்காது, பிடிஎஃப்பும் திறக்காது. அதுக்கு டிசைனர் எடிஷன் காசு கட்டணும். டிஎக்ஸ்எஃப்னு இன்னொரு கோட்டு ஃபைல் வகை மட்டும் இலவசத்துலயே திறக்கும், இங்க்ஸ்கேப்ல இருந்து அப்படியே சேமிச்சுக்கலாம். ஓரத்துல 100 மி.மீ. கோடு ஒண்ணு போட்டு அனுப்புங்க, திறந்ததும் அதை அளந்து பாத்தா அளவு மாறியிருக்கான்னு உடனே தெரிஞ்சிடும். கிரிக்கட் சாஃப்ட்வேர் எஸ்விஜியை சும்மாவே எடுத்துக்கும், ஆனா கணக்கு தொடங்கணும், நெட் வேணும், பிரின்ட் பண்ணி வெட்டுறதுக்கு பக்க அளவுல ஒரு வரம்பும் இருக்கு. நீங்க எடுக்கிற மாடல்ல அந்த வரம்பு எவ்ளோன்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாத்துடுங்க. எனக்கு சில்ஹவுட் தோதுப்படுது, கோட்டை நோண்டறதுக்கு அதுல வசதி ஜாஸ்தி. ஏ4 தாள்லயே வேலை முடியும்னா போர்ட்ரெய்ட்னு சின்ன சைஸ் போதும், 12 இன்ச் அகலம் வேணும்னா கேமியோ.

இப்போ உங்க தூணுக்கு வர்றேன், மெஷின் நிஜமாவே சோறு போடுற இடம் இதுதான். 60 செ.மீ. தடிமன் தூண்னு வெச்சுக்கிட்டா 1:100-ல 6 மி.மீ. அடி வட்டம் 8 மி.மீ., அதுக்கு மேல 7. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம்ங்கிற கணக்கு) அட்டை சுமாரா கால் மி.மீ. கனம், நாலு வட்டம் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டினா ஒரு மி.மீ. உயர மேடை. ஒரே தாள்ல ஒரு ஊருக்குத் தேவையான வட்டத்தை வெட்டிடலாம், எல்லாம் அச்சு அசலா ஒரே மாதிரி. நடுவுல சின்ன ஓட்டை வெச்சு வரைஞ்சா, குண்டூசில கோத்து நேரா அடுக்கலாம்.

ஒண்ணு மட்டும். இந்த மெஷின்ல இருக்கிறது இழுத்துட்டுப் போற கத்தி. முனை நட்ட நடுவுல இருக்காது, கொஞ்சம் தள்ளி இருக்கும், திரும்பற பக்கம் அதுவா சுத்திக்கும். பெரிய வளைவுல தெரியாது. 5 மி.மீ.க்குக் கீழ வட்டம்னா ஆரம்பிச்ச இடமும் முடிச்ச இடமும் சேராம ஒரு நார் பிடிச்சிக்கிட்டு நிக்கும். வேகத்தை ரொம்பக் குறைச்சு, ஓவர்கட் (முடிக்கிற இடத்தைக் கொஞ்சம் தாண்டி வெட்டறது) ஆன் பண்ணி, பிளேடு ஆழத்தைத் தாள் கனத்துக்கு ஒரு சுண்டு மேல மட்டும் வைங்க. வெட்டலன்னு ஆழத்தை ஏத்திக்கிட்டே போறவங்கதான் மூலையைக் கிழிச்சுக்கறாங்க, மெஷினுக்குள்ள தாளை ஒட்டி அனுப்பற பசை மேட்டையும் கீறிக்கறாங்க. ஆழத்துக்குப் பதிலா ரெண்டு தடவை ஓட விடுங்க.

ஜன்னல் சட்டம்: நிஜத்துல 5 செ.மீ. கட்டைன்னா உங்க அளவுல அரை மி.மீ. அட்டையில அது நிக்காது, மேட்ல இருந்து எடுக்கும்போதே பிய்ஞ்சுடும். நான் 120 ஜிஎஸ்எம் தாள்ல முக்கால் மி.மீ.க்கு ஏமாத்தி வெட்டுவேன், கண்ணுக்குத் தெரியாது. அதைவிட மெல்லிசா வேணும்னா ஓஎச்பி ஷீட்ல, அதான் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள்ல, கோடு பிரின்ட் போட்டு உள்பக்கம் ஒட்டிடுங்க, கண்ணாடியும் ஆச்சு, கம்பியும் ஆச்சு. வெட்டும்போது உள் ஓட்டை முதல்ல, வெளிக்கோடு கடைசில. மாத்தி வெட்டினா துண்டு மேட்ல நகந்துடும்.

மேட்ல இருந்து எடுக்கிற விதம் ரொம்ப முக்கியம். தாளைப் பிடிச்சு உரிக்கக் கூடாது. மேட்டைக் குப்புறத் திருப்பி, தாள் மேசை மேல படுத்திருக்கிற மாதிரி வெச்சு, மேட்டை மட்டும் வளைச்சுத் தூக்குங்க. தாள் சுருளாம கீழ தங்கிடும். புது மேட் ரொம்ப ஒட்டும், முதல்ல ஒரு பழைய பனியன்ல ரெண்டு தட்டு தட்டிட்டுப் போடுங்க. நாளாக நாளாகத் தாள் தூசி ஏறி ஒட்டாம போகும். பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணி, மெதுவாத் தேச்சு ஃபேன் காத்துல காய வெச்சா திரும்ப உயிர் வரும். நிழல்லயே காயட்டும், மொட்டை மாடி வெயில்ல போட்டீங்கன்னா வளைஞ்சுடும்.

சுவர், கூரை, தரை எல்லாம் நீட்டுக் கோடு. அதை ஸ்கேல் வெச்சு கையாலயே வெட்டுங்க. அதுக்கு மெஷின் போடறது எனக்குப் பிடிக்காது, நேர விரயம்.

டிரெடில்_மாமா:

தம்பி, மண்ணடில கல்யாண கார்டு டை பஞ்சிங் அடிச்சுக்கினு இருந்தவன் நானு. அக்கா வெட்டறத பத்தி நல்லாதான் சொல்லிக்கீது. மடிக்கறத பத்தி யாரும் பேசலியே, அதான் உள்ள வந்தேன்.

கார்டு மடிப்புல வெடிக்காம இருக்கணும்னா நாங்க இன்னா பண்ணுவோம்? கீறமாட்டோம். கிரீசிங் ரூலுன்னு மழுங்கின இரும்புப் பட்டையால அழுத்துவோம், அடில பள்ளம் இருக்கும். பள்ளத்தோட அகலம் எவ்ளோன்னா, அட்டை கனத்தப் போல ஒண்ணரை மடங்கு, அது கூட ரூல் கனம். அட்டை 0.3 மி.மீ., ரூலு 0.7ன்னா, பள்ளம் 1.2 பக்கம் வரும். அட்டை அந்தப் பள்ளத்துல எறங்கி பின்பக்கம் ஒரு வரப்பு எழும்பும். அந்த வரப்பு மடிப்புக்கு உள்ளாற போவணும். அழுத்துன பக்கம் வெளிய. நெறைய பேரு தலைகீழா மடிச்சிட்டு அட்டை மேல பழி போடுவாங்கோ.

உங்க மெஷின்ல மடிப்புக்கோடு போடற ஊசி இருக்குது, ஒத்துக்கறேன். ஆனா அடில பள்ளம் ஏது? கெட்டி பிளாஸ்டிக் மேட்டு. அதனால கோடு மேலாக்கதான் வுழும். மெஷின்ல லேசா கோடு மட்டும் போட்டுக்கினு, அப்பால தாளை எடுத்து ரெக்சின் துண்டு மேல வெச்சு, மை தீந்து போன பால் பாயின்ட் பேனாவால அதே கோட்டுல ஒரு இழுப்பு இழு. ரெக்சின் அமுங்கும், வரப்பு தானா எழும்பும். மெஷின்ல புள்ளி புள்ளியா வெட்டி மடிக்கறது மட்டும் வேணவே வேணாம். மூலைல வெள்ள வெள்ளயா பல்லு இளிக்கும்.

இன்னோண்ணு, தாளோட நார் ஓட்டம். கடைல ஏ4 அட்டை பெரும்பாலும் நீட்டு வாக்குல நார் இருக்கும், ஆனா பெரிய சார்ட்டை வெட்டிக் குடுத்தா எப்டி வேணா இருக்கும். தாளை ரெண்டு பக்கமும் லேசா வளச்சு பாரு. சுளுவா வளையறப்போ மடிப்புக்கோடு எந்த வாக்குல ஓடுமோ, அதான் நார் ஓடற திசை. தூணு சுருட்டும்போது தூணோட உசரமும் நாரும் ஒரே வாக்குல இருந்தா ஒடம்பு வழவழன்னு வரும். குறுக்கால சுருட்டுனா பட்டை பட்டையா ஒடியும். ஆண்டர்சன் தெருவுல அட்டை வாங்கறப்போ கடைக்காரன் கிட்ட கேட்டுக்கினு நிக்காத, நீயே வளச்சு பாத்துட்டு வாங்கு. ஐவரி கார்டு எடு, 210 ஜிஎஸ்எம் போதும். பளபளன்னு இருக்கற ஆர்ட் கார்டு மடிப்புல வெடிக்கும்.

தண்டையார்பேட்டை_கத்தரி:

மாமா, அக்கா, ரெண்டு பேருக்கும் கும்புடு. தூணு சுருட்டும்போது ஏன் பட்டை பட்டையா வருதுன்னு இத்தனை வருஷமா ஃபெவிகாலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்!

அக்கா, ரெண்டே சந்தேகம். செங்காவி கலர் சுவரும் வெள்ளைத் தூணும் பிரின்ட்லயே வந்தாதான் நல்லாருக்கும். ஜெராக்ஸ் கடைல பிரின்ட் எடுத்து வந்து மெஷின்ல வெச்சா அது கோடு பிசகாம வெட்டுமா? அப்புறம் நம்ம வீடு பீச் ரோட்ல இருந்து கூப்பிடு தூரம். உப்புக் காத்துல சைக்கிள் செயினே நிக்க மாட்டேங்குது, மெஷின் தாங்குமா?

பேப்பர்_அக்கா:

மாமா சொன்ன ரெக்சின் விஷயத்தை நானும் இன்னைக்கே டப்பா வேலைல போட்டுப் பாக்கறேன். இவ்ளோ நாள் பழைய மவுஸ் பேட் வெச்சு ஓட்டிக்கிட்டு இருந்தேன்.

பிரின்ட் கேள்விக்கு: வெட்டும், ஆனா கடைப் பையனை நம்பாதீங்க. சில்ஹவுட்ல தாளோட மூலைகள்ல அடையாளம் போடும், ஒரு மூலைல கறுப்புக் கட்டம், ரெண்டு மூலைல எல் மாதிரி கோடு. மெஷின்ல இருக்கிற கண் அதைப் படிச்சு, தாள் கோணலா இருந்தாலும் சரி பண்ணிக்கும். அந்த அடையாளத்தோட பக்கத்தை சாஃப்ட்வேர்ல இருந்தே பிடிஎஃப்பா பிரின்ட் பண்ணி பென்டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. கடைல பிரின்ட் விண்டோ திறந்ததும் "ஃபிட்"னு இருக்கும், அதை "ஆக்சுவல் சைஸ்"னு மாத்தச் சொல்லி, மாத்தினதை உங்க கண்ணால பாருங்க. ஃபிட்ல எடுத்தா படம் சுருங்கிப் போகும், தூணும் சுவரும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. கைல ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போய் ரெண்டு அடையாளத்துக்கும் நடுவுல அங்கயே அளந்துட்டு, அப்புறம் மீதி தாளுக்குக் காசு கொடுங்க. எங்க தெருக் கடைல என்னைப் பாத்தாலே "ஸ்கேல் அக்கா வந்துட்டாங்க"ன்னு சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும்.

பளபளப்புத் தாள் வேணாம், வெளிச்சம் எதிரடிச்சு அடையாளம் தெரியலன்னு மெஷின் திரும்பத் திரும்பத் தேடிக்கிட்டு இருக்கும். ஜன்னல் வெயில் நேரா விழற இடத்துல வெச்சாலும் அதே தொல்லை. நான் ஒரு அட்டையை மறைப்பா நிக்க வெச்சிடுவேன்.

இன்க்ஜெட்டா லேசரான்னும் கடைல கேட்டுக்குங்க. சாதா இன்க்ஜெட் மை ஃபெவிகால் ஈரம் பட்டா கசியும், அதனால ஒட்டறதுக்கு முன்னாடி கிளியர் வார்னிஷ் ஸ்பிரே ஒரு கோட்டு, ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு. லேசர் கசியாது, ஆனா மடிப்புல டோனர் உதிர்ந்து வெள்ளை தெரியும். எது எடுத்தாலும் வெட்டின ஓரம் வெள்ளையாத்தான் இருக்கும். அதே செங்காவியை வாட்டர் கலர்ல கலந்து, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ஷால ஓரத்துல மட்டும் தடவிட்டு அப்புறம் ஒட்டுங்க. மாடலைத் தூர நின்னு பாத்தாலும் இந்த ஒரு வேலை செஞ்சதும் செய்யாததும் தெரியும்.

உப்புக் காத்துக்கு நானும் மருந்து கண்டுபிடிக்கல. உள்ள இருக்கிற இரும்புத் தண்டுல தினமும் காஞ்ச துணி ஒரு ஓட்டம், வேலை முடிஞ்சா பிளேடைக் கழட்டி மூடின டப்பால, மெஷின் மேல ஒரு பழைய தலையணை உறை. எண்ணெய் போடாதீங்க, உங்க பக்கம் கன்டெய்னர் லாரி தூசிக்கு அது பசை ஆயிடும். அட்டையை ஜிப் கவர்ல போட்டு வைங்க. ஐப்பசி கார்த்திகைல திறந்து கெடந்த அட்டை ஈரத்தை இழுத்து ஊதி நிக்கும், அன்னைக்கு வெட்டினா ஓரம் மொசமொசன்னு நார் பிரியும். அந்த மாதிரி நாள்ல நான் வரையற வேலையை வெச்சுப்பேன்.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணுங்க. தூண் அடி வட்டமும் ஒரு ஜன்னலும் மட்டும் டிஎக்ஸ்எஃப்ல போட்டு எனக்கு இங்க மெசேஜ்ல அனுப்புங்க. நீங்க சொல்ற அட்டைலயே வெட்டி வெக்கிறேன், பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் வரும்போது வாங்கிக்கலாம். ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் வீட்ல முப்பதாயிரம் கதைய ஆரம்பிங்க.